நான்கு முட்டைகள், பதினோரு கேமராக்கள்

அந்தப் படத்தை இன்னமும் யாராவது ஒருவர் போனில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆள்காட்டிக் குருவி ஒன்று இரண்டு சிறகையும் விரித்து, அலகைத் திறந்து, கேமராவைப் பார்த்து நேராகக் கத்துகிற படம். காலடியில் நான்கு முட்டைகள். பின்னால் ஒரு துரும்பு கிடையாது, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வெறும் மண். 'தாயின் வீரம்' என்று கீழே எழுதியிருக்கிறது. பார்க்கிறவர்கள் கை கூப்புகிறார்கள், இதயம் போடுகிறார்கள். எனக்கு உடம்பு எரிகிறது. அந்தக் குருவி வீரம் ஒன்றும் காட்டவில்லை. வழி விடுங்கள் என்று கத்துகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வழி விடாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எரிந்துபோனால் கழற்றி எடுத்துவந்து, செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டித் திரும்ப மாட்டிக் கொடுப்பது என் தொழில். திருவண்ணாமலையில் கடை. ஒரு பக்கம் அடி அண்ணாமலை, இன்னொரு பக்கம் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போவேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. இன்றைக்கும் நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கேட்டதற்கு 'சரிங்க' என்று சொல்வேன். அந்த ஒரு வார்த்தையை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஸ்டுடியோவை மூடிக்கொண்டு ஊரை விட்டுப் போன ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கியதுதான், ஆனால் வாங்கிய பிறகு இன்னொரு சௌகரியம் தெரிந்தது. கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதன் திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்து ஒவ்வொன்றாகத்தான் தெரியும். மூன்றாவது வரி, இரண்டாவது கட்டம் என்று இடத்தை வைத்துப் பழகிக்கொண்டேன். மோட்டார் எங்கே எரிகிறதோ அங்கேதான் என் பயணம். அங்கே தும்பி இருந்தால் தும்பி, ஓணான் இருந்தால் ஓணான்.

வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போனபோது குழுவுக்குள் வந்தேன். அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். நான் ஸ்பேனரைத் தேடிப் பையைத் திறந்தபோது அவர் கேமராவைப் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, டூல்ஸ் பையில கேமரா?"

"சும்மா, சார்."

"சும்மாவா? எங்க, காட்டு." தும்பிப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அட! இது எந்த லென்ஸ்?"

"பேரு தெரியாது சார். கறுப்பா, நீட்டா இருக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அன்றைக்கே என் நம்பரை அவருடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். கேமரா பிரியர்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பல் டாக்டர், நகைக்கடைக்காரர், கல்லூரி ஆசிரியர், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர் என்று எல்லாருமே பெரிய இடம். லடாக் போனால் லடாக் படம் வரும், கபினி போனால் சிறுத்தைப் படம் வரும். 'அருமை டாக்டர்', 'மிரட்டிட்டீங்க சார்' என்று பதில் வந்து விழும். என் ஓணானுக்கு இரண்டு கட்டைவிரல் வரும். ஒன்று மேலாளருடையது. இன்னொன்று எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போடுகிற ஒரு மருந்துக் கடைக்காரருடையது. அதற்கே எனக்கு ஒரு நாள் நன்றாகப் போகும்.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. படம் போட்டால் இடம் போட வேண்டும். எங்கே எடுத்தீர்கள் என்று மேப்பில் குறி வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பாதவரைப் 'பதுக்கல்காரர்' என்று கிண்டல் செய்வார்கள். அரிசி மூட்டையின் படத்தைப் போட்டு அவர் பெயரை எழுதி விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடையில் கூடி, அந்த வாரம் யார் நல்ல இடம் சொன்னாரோ அவர் பின்னால் எல்லாரும் போவார்கள். அவர்தான் அந்த வாரத்து வழிகாட்டி. அன்று முழுக்கக் குழுவின் முகப்பில் அவர் முகம் இருக்கும். நான் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் என் முகம் அங்கே வந்ததில்லை. வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

சித்திரை மாதம். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிணற்றில் மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் வந்தது. அந்தக் கழனி ஒரு பெண்ணுடையது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். புருஷன் சென்னையில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான், உழவு முதல் அறுப்பு வரைக்கும் இவள்தான் பார்க்கிறாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த நிலம். கோடை உழவு ஓட்டியிருந்தது. ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் மட்டும் உழாமல் நின்றது. அதைச் சுற்றி மூன்று கருவேல முள் கிளைகளை இழுத்துப் போட்டிருந்தாள்.

நான் குறுக்கே நடக்கப் போனேன்.

"ண்ணா, அந்தப் பக்கம் போவாதீங்க. அங்க ஒருத்தி பிரசவத்துக்கு வந்திருக்கா."

"யாரும்மா?"

"நீங்களே பாருங்க. உங்க கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

எனக்கு மண்ணும் கல்லும்தான் தெரிந்தது. இரண்டடி வைத்ததும் காலுக்கு முன்னால் ஒரு கல் எழுந்து பறந்தது. ஆள்காட்டி. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு ஊரே கூடுகிற மாதிரி கத்தியது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் நான்கு முட்டைகள், கூர் முனை நான்கும் உள்ளே பார்த்தபடி. மண் நிறத்தில் மை தெளித்த மாதிரி புள்ளிகள். கூடு என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் சரளைக்கல், அவ்வளவுதான்.

"பத்து நாளா உக்காந்திருக்கு," என்றாள். "டிராக்டர்காரன் ஏர ஓட்டப் பாத்தான். நான் முன்னால போயி நின்னுட்டேன். குருவிக்கு வளைகாப்பு பண்ணப் போறியான்னு கேக்கறான். ஆமாண்டா, உனக்கும் பத்திரிக வெக்கறேன், மொய்யோட வான்னேன்."

"முள்ளு எதுக்கும்மா?"

"ஆடு மிதிச்சிடும். மத்தியானத்துல கொஞ்சம் நெழலும் ஆவும். இந்த வெயில்ல நமக்கே மண்ட பொளக்குது."

புது காயில் கட்டிய மோட்டாரை மாட்டிக் கொடுக்க இரண்டு நாள் கழித்துப் போனேன். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். குருவி வாய்க்காலில் இறங்கி வயிற்றை முக்கி முக்கி நனைத்துக்கொண்டது. குளிக்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய் முட்டைகளின் மேல் ஈர வயிற்றோடு உட்கார்ந்தது. எழுந்தபோது முட்டைகள் நனைந்திருந்தன. வெயில் ஏற ஏற அது போவதும் வருவதுமாக இருந்தது. ஜோடிப் பறவையும் முறை மாற்றிக்கொண்டது.

"படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தூரமா நின்னு எடுத்துக்கோங்க. ஆனா ஊரக் கூட்டிடாதீங்க."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன். எனக்குப் பேசவே வராது."

"அதாங்ணா உங்களுக்குக் காட்டினேன்," என்றாள் அவள்.

பம்ப் செட் கொட்டகைக்குள் உட்கார்ந்து எடுத்தேன். ஈரம் சொட்டச் சொட்டக் குருவி முட்டைக்கு வருகிற படம் ஒன்று கிடைத்தது. இறகு நுனியில் நின்ற தண்ணீர்த் துளி கூடத் தெரிந்தது. என் கையால் அப்படி ஒரு படம் விழும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அதைப் பத்துத் தடவை பார்த்தேன். பதினோராவது தடவை குழுவில் போட்டுவிட்டேன். இடம் போடவில்லை.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கை கூப்பல், நெருப்பு, கிரீடம். பல் டாக்டர் என் படத்துக்கு அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் 'உலகத் தரம்' என்று எழுதினார். அப்புறம் 'இடம்?' என்று ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர். அரை மணி நேரத்தில் அரிசி மூட்டைப் படம் வந்துவிட்டது. மேலாளர் போன் செய்தார்.

"தம்பி, படம் பிரமாதம். லொகேஷன் போடலியே?"

"குஞ்சு பொரிச்ச அப்புறம் போடறேன் சார்."

"பொரிச்ச அப்புறம் அங்க இன்னா இருக்கும்? முட்டையோட எடுத்தாத்தான படம். நாங்க இன்னா ஆம்லெட் போடவா போறோம்?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இந்த ஞாயிறு நீதான் வழிகாட்டி. உன் போட்டோ ஒண்ணு அனுப்பு, முகப்புல வெக்கணும். நல்ல சட்டையா போட்டு எடுத்து அனுப்பு."

என் மேல் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். அவர் என்னை மிரட்டவில்லை, என் கையை முறுக்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொள் என்றார். நான் விழுந்துவிட்டேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் காதுகுத்து, செய்யாறு போகிறேன், சாயங்காலம்தான் வருவேன் என்று அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் சொன்னேன்:

"சரிங்க சார். ஞாயித்துக்கிழம தோதா இருக்கும்."

பதினோரு பேர் வந்தார்கள், மூன்று கார், இரண்டு புல்லட். ஏழு மணிக்கெல்லாம் கழனியில் இருந்தோம். நான் முன்னால் நடந்தேன். வயல் வரப்பில் அத்தனை படித்தவர்கள் என் பின்னால் வரிசையாக வந்தார்கள். அந்த ஐந்து நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது.

கொட்டகைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எடுக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேர் அப்படி எடுத்தார்கள். மூன்றாவது ஆள் பல் டாக்டர். கேமராவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முள்ளு குறுக்க வருது. பேக்ரவுண்ட் குப்பையா இருக்கு."

"அத எடுக்க வேணாம் சார், அந்தம்மா..."

"திருப்பி வெச்சிடலாங்க. ரெண்டே நிமிஷம்."

கேமரா முக்காலியின் கம்பாலேயே முள் கிளைகளை ஓரம் தள்ளினார். ஒருவர் சருகுகளைப் பொறுக்கினார். இன்னொருவர் சின்னச் சின்னக் கற்களை எடுத்துப் போட்டார். அந்தக் கற்கள்தான் முட்டையைக் காக்கை கண்ணிலிருந்து மறைத்தவை. அவருக்கு அது அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது. 'கிளீன் பேக்ரவுண்ட்' என்று ஆளுக்கு ஒரு தடவை சொன்னார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் கூடத்தை ஒதுங்க வைப்பது போல அந்த இடத்தை ஒதுங்க வைத்தார்கள். பிறகு அரை வட்டமாக மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்கும் முட்டைக்கும் நடுவில்.

குருவி தலைக்கு மேல் சுற்றிக் கத்தியது. "சத்தம் போடுது, சத்தம் போடுது, வீடியோ எடுங்க," என்றார் ஒருவர்.

எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று. குருவி இறங்குவதும், ஐந்தாறு அடி ஓடி வருவதும், பதினோரு லென்ஸ்களையும் பார்த்துத் திரும்பிப் பறப்பதுமாக இருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் முதுகைச் சுட்டது. வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து இரண்டு தடவை எங்களைச் சுற்றி நடந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஆள். தண்ணீர் அதன் வயிற்றிலேயே காய்ந்தது. நான் அதைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள். அவர்கள் படமாகப் பார்த்தார்கள்.

"போதும் சார்," என்றேன்.

"ஹாங்?"

"போதும் சார். வெயிலு ஜாஸ்தியாயிடுச்சு."

டாக்டர் திரும்பாமலே சொன்னார்: "ஆமாங்க, திரையே தெரியல, கண்ணு கூசுது. கார்ல குடை இருக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வந்து பிடிங்களேன்."

எடுத்துவந்தேன். பெரிய கறுப்புக் குடை. அவர் தலைக்கும் கேமராவுக்கும் நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரைக்கும். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் முட்டைகள் வெயிலில் கிடந்தன. பத்தடி. நாலு எட்டு எடுத்து வைத்து அந்தக் குடையை அங்கே நட்டிருக்கலாம். ஒருவரும் என்னை அடித்திருக்கமாட்டார்கள். நான் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். டாக்டரின் பிடரியில் வெயில் பட்டபோது குடையைச் சாய்த்துச் சரி செய்தேன்.

பத்தேகாலுக்கு அது நடந்தது. குருவி பொறுக்க முடியாமல் நேராக ஓடி வந்து, முட்டைக்கு மேல் நின்று, சிறகை விரித்து, எங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தியது. பதினோரு கேமராவும் தையல் மிஷின் மாதிரி ஓடின.

"கெடச்சிடுச்சு!" என்று டாக்டர் எழுந்தார். அவர் எழுந்ததில் குருவி மறுபடி பறந்துவிட்டது.

முள் கிளைகளைத் திருப்பி வைக்க யாரும் நினைக்கவில்லை. நான்தான் இழுத்துப் போட்டேன். குனிந்து ஒரு முட்டையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்த இரும்புத் தகடு மாதிரி சுட்டது. டீக்கடையில் எல்லாரும் இட்லி சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

பதினெட்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன் வந்தது.

"ண்ணா, மோட்டார் இல்ல. நேர்ல வாங்க."

போனேன். குருவி முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அவள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நாள் தாண்டிப்போச்சு," என்றாள். "இன்னமும் உக்காந்திருக்கு. பாவம், கணக்கு தெரியல அதுக்கு."

நான் குருவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் காதுகுத்துக்குப் போன அன்னிக்கு யாரு வந்தது? முள்ளு வெச்ச எடம் மாறியிருந்துது. மண்ணுல ஆள் படுத்த தடம். வரப்பு முழுக்க ஷூ. டிராக்டர்காரன் சொன்னான், மோட்டார்காரர் ஒரு கல்யாண கோஷ்டியையே கூட்டியாந்தாருன்னு."

"படம் எடுக்கறவங்கம்மா. எல்லாம் பெரிய மனுஷங்க. தொடல."

"தொடலியா? அப்ப ஏன் பொரிக்கல?"

அவள் எழுந்து போனாள். குருவி கத்திக்கொண்டு விலகியது. ஒரு முட்டையை எடுத்துவந்து என் முன்னால் திட்டில் தட்டினாள். அந்த நாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பாதி உருவான குஞ்சு. கால் தெரிந்தது. கண் இருந்த இடம் தெரிந்தது.

"உங்களுக்குப் பேசவே வராதுன்னீங்களே," என்றாள். "நல்லாத்தான் பேசியிருக்கீங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதே வாரம் குழுவின் மாதக் கூட்டம். வேங்கிக்கால் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. டாக்டரின் 'தாயின் வீரம்' அந்த மாதத்துச் சிறந்த படம். கதவு அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, மேடையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பொன்னாடை என்று மேலாளர் முந்தின நாளே சொல்லியிருந்தார். முதலில் போகக் கூடாது என்று இருந்தேன். பிறகு போகத்தான் வேண்டும் என்று பட்டது. பைக்கில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பெயர் கூப்பிட்டார்கள். பொன்னாடையைத் தோளில் போட்டார்கள். "ரெண்டு வார்த்த பேசுப்பா," என்று மேலாளர் மைக்கைக் கையில் கொடுத்துச் சிரித்தார். நான் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். 'நன்றி' என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"அந்த முட்ட பொரிக்கல," என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி கேட்டது. "நாலுமே வெந்துபோச்சு. நாமதான் வேக வெச்சோம். அது தண்ணி எடுத்துக்கிட்டு வந்துச்சு. நாம வழி விடல. நான் குடை புடிச்சேன்."



டாக்டர் முன் வரிசையில் இருந்தார். "இயற்கையில இதெல்லாம் சகஜங்க," என்றார் பொறுமையாக. குழந்தைக்குப் பல் பிடுங்கும்போது பேசுகிற குரல். "பொதுவாவே பாதி முட்ட தேறாது."

"பாதி இல்ல சார். நாலும்."

"நீங்க ஃபீல் பண்றது புரியுது..."

"முள்ள நீங்கதான் சார் எடுத்தீங்க. திருப்பி வெக்கறேன்னீங்க."

அவர் முகம் மாறியது. அதற்குள் மேலாளர் என் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டார். "பாருங்க, பாருங்க! படிக்காத மனுஷன், எவ்வளவு உணர்ச்சியோட பேசறாரு! இந்த ஈரம்தாங்க ஒரு கலைஞனுக்கு வேணும். பலமா ஒரு கைதட்டு கொடுங்க!"

கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள், டாக்டரும் தட்டினார். நான் சொன்னதை அப்படியே சுருட்டி எனக்கே பாராட்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னைத் திட்டியிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். கை தட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது? ஓர் ஆள் முன்னால் ஓடி வந்து, "அண்ணா, மூஞ்சிய அப்படியே வெச்சுக்கோங்க, கண்ணு கலங்கியிருக்கறது நல்லா வருது," என்று என்னைப் படம் எடுத்தார்.

பொன்னாடையை எடுத்து அந்தப் பிரிண்டின் மேல் போட்டேன். குருவி முகமும் முட்டையும் மறைந்தன. அதையும் ஏதோ மரியாதை என்று நினைத்து இரண்டு பேர் தட்டினார்கள். படியிறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்கே குழுவிலிருந்து வெளியேறினேன். மறுநாள் காலையில் மேலாளரிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மனசு வருத்தப்படாதே. திரும்ப வந்து சேர். இனிமே கூடு இருக்கற எடத்துல கவனமா இருப்போம்.' அதற்குக் கீழேயே இன்னொன்று: 'போன மாசம் எனக்கு மட்டும் ஒரு ஆந்தை படம் அனுப்பினியே, அது எந்த எடம்?'

படிக்காத மனுஷன் என்று மேடையில் சொன்னார். நான் படிக்கவில்லைதான். ஆனால் இந்த இரண்டு வரியும் ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் எழுதியது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பதில் போடவில்லை. அவர் வீட்டு மோட்டாரை இப்போது வேறு யாரோ பார்க்கிறார்கள்.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரின் கிளினிக்குக்கே போய்க் கேட்டேன். காத்திருக்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். வாயைத் திறக்கச் சொன்னார். "பல்லுக்கு வரல சார்," என்றேன். அது ஊரெல்லாம் பரவிவிட்டது, இனிமேல் தன் கையில் இல்லை என்றார். கீழே எழுதியிருப்பதையாவது மாற்றுங்கள் என்றேன். என்னவென்று மாற்றுவது என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆடி பிறக்கிற சமயம் அந்தக் கழனியில் மறுபடி மோட்டார் நின்றுவிட்டது. அவள் வேறு மெக்கானிக்கைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறாள், அவர் வரவில்லை. அதையும் போனில் என்னிடம் சொல்லிவிட்டே கூப்பிட்டாள்.

பம்ப் செட் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தெற்குப் பக்கம் எங்கேயோ ஆள்காட்டி கத்தியது. பறந்துபோகும்போது கத்துகிற கத்தல் வேறு. இது காவல் காக்கிற கத்தல், எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். கை நின்றுவிட்டது.

"திரும்ப வெச்சிருக்காம்மா?"

அவள் வாய்க்காலில் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெச்சிருக்கு."

"எத்தினி?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்ணா? வயர முடுக்குங்க."

முடுக்கினேன். வேலை முடிந்து மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வந்தது. வந்த வழியிலேயே திரும்பப் போனேன். "அப்படி வேணாம்," என்றாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வடக்கு வரப்பு பிடித்து, பக்கத்துக் கழனி புளியமரம் சுற்றி, நேராக நடந்தால் மூன்று நிமிடத்தில் போகிற ரோட்டுக்குப் பதினைந்து நிமிடம் நடத்தினாள். நான் தலையைத் திருப்பாமல் அவள் காலைப் பார்த்தபடியே நடந்தேன். ரோட்டுக்கு வந்ததும் நின்றாள். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். 

நானே பையைக் கழற்றித் திறந்து காட்டினேன். ஸ்பேனர், டெஸ்டர், காப்பர் கம்பிச் சுருள், இன்சுலேஷன் டேப். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு அடி வரைக்கும் துழாவிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும், "போய்ட்டு வாங்க," என்றாள். நான் பைக்கைக் கிளப்பிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.